சோதனைக்குப் போட்ட மாப்பிள்ளை

1

நேற்று எங்கள் கலியாண நாள். என் கணவர் ரவி மறந்துபோனார். மறந்தது எனக்குத் தெரியக் கூடாதென்று வேலையால் வரும் வழியில் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு பூக்கொத்து வாங்கி வந்தார். அதில் 'இன்றே முடிக்கவும்' என்று நோர்வேஜிய மொழியில் எழுதிய தள்ளுபடி ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. பேர்கன் நகரத்து மழையில் நனைந்து பூவெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது, ஒட்டுத்தாள் மட்டும் அசையவில்லை. இந்த நாட்டுப் பசை அப்படிப்பட்டது.

"உமக்கெண்டுதான் தேடி எடுத்தனான்," என்றார், கண்ணும் சிமிட்டாமல்.

"தெரியுது. வடிவாயிருக்கு," என்றேன்.

எங்கள் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. குசினி மேசையில் லப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "அப்பா, நீ இதை இண்டைக்கே சாப்பிடுங்கோ, பழுதாப் போயிடும்," என்றாள். அவளுடைய தமிழ் அப்படித்தான். தொடக்கத்தில் 'நீ' என்று இழுத்து விழுத்துவாள், முடிவில் 'ங்கோ' போட்டுத் தூக்கி நிறுத்துவாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மழையிலும் பனியிலும் கூட்டிக்கொண்டு போனதற்கு எங்களுக்குக் கிடைத்தது இந்த 'ங்கோ'.

காலையில் திருகோணமலையிலிருந்து அம்மா போனில் வாழ்த்துச் சொன்னா. வாழ்த்து ஒரு நிமிஷம்கூட இல்லை, மிச்சம் முழுக்க வீட்டுக் கதை. முழங்கால் ஏலாது, தனிய இருக்க ஏலாது, தன் தங்கச்சி வீட்டோடு போயிருக்கலாம் என்றா. ஆனால் ஊர் வீட்டை என்ன செய்வது?

"நீங்கள் திரும்பி வருவியளெண்டால் வச்சிருக்கிறன். இல்லையெண்டால் விப்பம். ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. தம்பியக் கேட்டுச் சொல்லு."

தம்பி என்றது ரவியை. ரவியிடம் கேட்டேன். "யோசிப்பம்," என்றார். பதினேழு பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் எந்தப் பெரிய விஷயத்துக்கும் அதுதான் பதில். குளிர்பெட்டி மாற்றும்போதும் யோசிப்பம் என்றார், அது தானாகவே செத்துப்போனது.

2

நிலாவுக்குப் பள்ளியில் கொடுத்த வேலை என்னவென்றால், நூலகத்துக்கு ஒரு சின்ன இணையத்தளம் செய்ய வேண்டும். பின்னால் தரவுத்தளம் ஒன்று இருந்து புத்தகங்களின் விவரத்தைக் கொடுக்க வேண்டும். ஊர் உலகத்துக்குக் காட்டுமுன் தன்னுடைய கணினியிலேயே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதாவது கணினியே கடைக்காரனாகவும் இருந்து, கணினியே சாமான் வாங்க வந்தவனாகவும் இருந்து, தனக்குத்தானே விற்றுப் பார்க்கிற விளையாட்டு.

நான் அடுப்பில் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். அவள் ஒரு வரி தட்டினாள். கேத்தல் கொதிக்கக்கூட இல்லை, "முடிஞ்சுது," என்றாள்.

"என்ன முடிஞ்சுது?"

"சேர்வர் ஓடுது, அம்மா. டேட்டாபேஸும் ஓடுது."

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பிள்ளை கெட்டிக்காரி என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? "நாங்கள் இதைச் செய்து முடிக்கிறதுக்குள்ள ஒரு மழைகாலமே போட்டுது," என்றேன்.

"ஏன்? நீங்கள் மெதுவான ஆக்களா?" என்று கேட்டாள். ரவி சிரித்தார். "உன்ர அம்மா அந்தக் கொம்பியூட்டருக்குள்ள என்னைச் செய்து எடுத்தவ. ஆளைச் செய்யிறதெண்டால் நேரம் போகும்தானே," என்றார்.

அவள் லப்டொப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். சரி, கலியாண நாள்தானே என்று கதையைச் சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் பாதி பேருக்கு இந்தக் கதை தெரியும், ஆனால் பிழையாகத் தெரியும்.

3

சண்டைக்கு நடுவில் சமாதானம் என்று ஒரு காலம் வந்து போனதே, அந்தக் காலம். திருகோணமலை உட்துறைமுக வீதியில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் இருந்தது. படியடியில் எந்நேரமும் ஒரு மான் படுத்திருக்கும். எங்கள் ஊரில் மாடு மாதிரி வீதியில் திரிகிற மானுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை, அதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். யன்னலால் பார்த்தால் கடற்படைப் படகுகள் தெரியும். நானும் ரவியும் அங்கே படிப்பித்தோம். அவர் சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். தகப்பன் கடல்தொழில். பொடியன் வலையை விட்டுவிட்டு இணையவலையில் விழுந்துவிட்டான் என்று சல்லியில் பகிடி பண்ணுவார்களாம்.

எனக்கு அவர்மேல் விருப்பம் இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்கு என்மேல் என்ன இருந்தது என்று அப்போது தெரியாது. இப்போதும் முழுதாகத் தெரியாது. கேட்டால் "யோசிப்பம்" என்பார்.

ஒருநாள் கனகசபை மாமா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். கலியாணப் புறோக்கர். கையில் எப்போதும் ஒரு தோல் பை இருக்கும், அதற்குள் ஊரிலுள்ள கலியாணமாகாத பிள்ளைகள் எல்லோருடைய சாதகக் குறிப்பும் இருக்கும். "கனடாவில, லண்டனில இருக்கிற பொடியங்கள் எல்லாம் இப்ப கொம்பியூட்டரிலதானாம் பொம்பிளை பாக்கினம். எனக்கும் ஒண்டு செய்து தாங்கோ பிள்ளையள்," என்றார். குறிப்பைப் போட்டால் பொருத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது.

ஊரில் அப்போது இணையத்தொடர்பு இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை, ஆனால் உண்மையுமில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கணினிக்குள் ஓட்டி, சரி வந்த பிறகு வெளியே ஏற்றலாம் என்று தீர்மானித்தோம். சேர்வர் மென்பொருள் ஒரு சீடியில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, வழியிலுள்ள சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டு. போட்டதும் முதல் பிழைச் செய்தி: 'போர்ட்' என்கிற இணைப்பு வாசலை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றது. "இது இந்த ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் ரவி, யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தபடி.

அதைத் தீர்த்தோம். பிறகு தரவுத்தளத்தில் தமிழ் எழுத்துகளைப் போட்டால் திரையில் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன. பெயர் கேள்விக்குறி, வேலை கேள்விக்குறி, நாடு கேள்விக்குறி. நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, கனகசபை மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வடிவாகப் பார்த்தார்.

"பிள்ளையள், இது சரியாத்தானே சொல்லுது. வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டால் அரைவாசி கேள்விக்குறிதானே," என்றார்.

அதையும் தீர்த்தோம். ஆனால் தட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சேமிக்காத மாப்பிள்ளைமார் எல்லோரும் போய்விடுவார்கள். வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பெற்றெடுக்க வேண்டும்.

4

பதிவுப் படிவத்தில் என்னென்ன கேள்வி இருக்க வேண்டும் என்று மாமாதான் சொன்னார். பெயர், நட்சத்திரம், செவ்வாய், கிரகபாவம், உயரம், வேலை, நாடு, குடி, மச்சம் மாமிசம் சாப்பிடுவாரா. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் பையையும் தூக்கிவிட்டார். பிறகு படியடியிலிருந்து திரும்பி வந்தார்.

"முக்கியமானதை விட்டுட்டன். 'ஊருக்குத் திரும்பி வருவாரா' எண்டு ஒரு கேள்வி போடுங்கோ. தாய்மார் முதல் கேக்கிறது எந்த நாடெண்டு. கடைசியாக் கேக்கிறது திரும்பி வருவாரோ எண்டு. நடுவில கேக்கிறதெல்லாம் சும்மா மரியாதைக்கு."

ரவி அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கி வைத்தார். ஓம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைத் தொடாவிட்டால் பதிவு உள்ளே போகாது. "நழுவ விடக்கூடாது," என்றார். நழுவுகிறவர்களைப் பற்றி அவருக்கு அப்போது நல்ல தெளிவு இருந்தது.

இனிப் பொருத்தத்தைச் சோதித்துப் பார்க்க முழு விபரத்தோடு ஒரு மாப்பிள்ளை வேண்டும். உண்மையான ஆளைப் போட முடியாது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மாப்பிள்ளையைச் செய்தேன். பெயர் குமரன். பொறியியலாளர். உயரம் ஐந்தடி பத்து. குடி இல்லை. சைவம். நாடு என்ற இடத்துக்கு வந்தபோது கீழே வீதியில் நோர்வேக்காரரின் வெள்ளை ஜீப் போனது. அப்போது அவர்கள் ஊரில் சமாதானம் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். நோர்வே என்று போட்டேன். திரும்பி வருவாரா? ஓம். செய்கிறதுதான் செய்கிறோம், முழுதாகச் செய்வோமே.

முதலில் தாண்டி விட்டிருந்த சாதகக் குறிப்புக்குத் திரும்பி வந்தபோது கை நின்றுவிட்டது. பொய்ப் பெயர் போடலாம், பொய் வேலை போடலாம், பொய் நாடும் போடலாம். பொய்க் குறிப்பு எழுதக் கை வரவில்லை. கிரகத்தை இல்லாத வீட்டில் கொண்டுபோய் இருத்தினால் அது யாரையாவது தேடி வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். உங்களுக்கும் கை வராது, சொல்லிவிடுகிறேன்.

"எனக்கு உதில நம்பிக்கையில்லை. விடும், நான் போடுறன்," என்றார் ரவி.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நம்பிக்கையில்லாதவருக்கும் கை நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு ரேவதி, மீன ராசி, கிரகபாவப் புள்ளி இவ்வளவு என்று மளமளவென்று தட்டினார்.

"ஆர்ர குறிப்பு?"

"என்ரதான். சும்மா, சோதனைக்கு."

இன்றுவரை அவர் அதைத்தான் சொல்கிறார். சோதனைக்காம்.

5

கனகசபை மாமா பார்க்க வந்த நாளில் கரண்டும் நல்ல பிள்ளையாக நின்றது. "ஒரு பொம்பிளையின்ர விபரம் சொல்லுறன், போடுங்கோ. பேர் கேக்கக் கூடாது, அது தொழில் மரியாதை," என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு குறிப்பை எடுத்து எங்களுக்குத் தெரியாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தார். உத்தரட்டாதி. மீன ராசி. நான் தட்டினேன். அது என் நட்சத்திரம்தான். ஊரில் உத்தரட்டாதிக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு கிரகபாவத்தையும் தட்டினேன்.

திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. குமரன், நோர்வே. பொருத்தம் உத்தமம்.

மாமா பேனையை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "சோக்கான வேலை பிள்ளையள்!" என்று முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு மானைத் தாண்டி இறங்கிப் போனார். அந்தச் சிரிப்பு எங்கள் மென்பொருளுக்கு என்று நாங்கள் நினைத்தோம். ரவி எனக்குக் கை தந்தார். அதுதான் அவர் முதன்முதல் என் கையைத் தொட்டது, அதுவும் பாராட்டுக்கு.

பின்னேரம் வீட்டுக்குப் போனால் அம்மா தான் வேலை செய்கிற கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூடக் கேசரி கிண்டியதில்லை.

"பிள்ளை, நோர்வே!" என்றா. பெயரையே சொல்லவில்லை, நாட்டைத்தான் சொன்னா. "பொருத்தம் உத்தமமாம். சைவமாம். திரும்பியும் வருவாராம். கோணேசர் கண்ணைத் திறந்திட்டார்."

என் குறிப்பு கனகசபை மாமாவின் பைக்குள் எப்போதோ போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. இப்படியான கதை தாயோடு கதைக்கிற கதை, பிள்ளையோடு கதைக்கிறதில்லை.

"அம்மா, அப்பிடி ஒரு ஆள் இல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான்தான் அந்த ஆளைச் செய்தனான்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. "எனக்கு விசரோ? உனக்கு இஞ்ச ஆரிலயோ விருப்பம். அதுதான் உந்தக் கதை கதைக்கிறாய்."

அவ சொன்னதில் பாதி சரியாக இருந்தது. அடுத்த நாளைக்கிடையில் கச்சேரியில் அம்மாவின் கந்தோரிலுள்ள எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. குமரன் இல்லையென்று தெரிந்தால் அம்மாவுக்கு ஊரில் முகம் இல்லை. அடுத்ததாக வரும் உண்மையான வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அவ கண்ணை மூடிக்கொண்டு ஓம் சொல்லிவிடுவா. ரவி பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே இருக்க, நான் எங்கேயோ போய்விடுவேன்.

ரவியிடம் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் யோசிப்பம் என்று சொல்லவில்லை. "கொம்பியூட்டரைக் கொண்டுவந்து காட்டுவம்," என்றார்.

6

அது சமாதானம் கிழியத் தொடங்கியிருந்த நேரம். வீதிக்கு வீதி மறுபடி சாவடிகள் முளைத்திருந்தன. கணினிப் பெட்டியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, அதற்குள் முழுக்க வயர், ஒரு தமிழ்ப் பொடியன் துறைமுக வீதியால் வருகிறான் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் திரையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் பின்னால் வந்தேன். சாவடியில் மறித்தார்கள்.

உள்ளே என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். ரவிக்குச் சிங்களம் அரைகுறை. "மனமாலயோ," என்றார். மாப்பிள்ளைமார் என்று அர்த்தம்.

ஆமிக்காரன் சாக்கைப் பிரித்துப் பார்த்தான். ரவியைப் பார்த்தான். என்னையும் ஓட்டோவில் பார்த்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். தனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று சொன்னான் போலிருக்கிறது. போகச் சொல்லிக் கை காட்டினான். அந்தச் சந்தி தாண்டிய பிறகுதான் ரவியின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்ததைக் கண்டேன்.

வீட்டில் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில் பெட்டியை வைத்துத் திரையையும் பொருத்தினார். "அன்ரி, பாருங்கோ, இதில போன் வயரும் இல்லை ஒண்டும் இல்லை. கரண்ட் வயர் மட்டும்தான். இது வெளியில எங்கயும் போகாது, வெளியில இருந்து ஒண்டும் வராது," என்று விளங்கப்படுத்தினார். சேர்வரை ஓட விட்டார். நோர்வேக் குமரன் திரையில் வந்து நின்றார்.

அம்மா பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தா. சுவரைப் பார்த்தா. குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்தா.

"அப்ப ஒருத்தரும் இல்லை."

"இல்லை அன்ரி."

அம்மாவின் கண் கலங்கியது. எனக்கு அந்த நேரம் செத்துப்போகலாம் போல இருந்தது. திரையை மறுபடி பார்த்துவிட்டு, "குறிப்பு?" என்று கேட்டா. "குறிப்பும் பொய்யோ?"

"குறிப்பு உண்மை."

"ஆர்ர?"

ரவி என்னைப் பார்த்தார். "என்ர."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தா. ஐந்தடி பத்து இல்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். "எவ்விடம் தம்பி?"

"சல்லி."

"அப்பா?"

"கடல்."

எங்கள் வீட்டாருக்கு அந்தக் காலத்தில் கடல் என்றால் பார்க்கிறதற்கு, மாப்பிள்ளை எடுக்கிறதற்கு இல்லை. அம்மா பெருமூச்சு விட்டா. "மீன ராசி எண்டு போட்டிருந்துது. நான் அப்பவே யோசிச்சிருக்கோணும்," என்றா. நான் சிரித்துவிட்டேன். அவவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

ரவிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "பிழையான விபரமெல்லாத்தையும் இப்பவே மாத்திவிடுறன் அன்ரி. பேர், வேலை, நாடு எல்லாத்தையும்," என்று விசைப்பலகையில் கை வைத்தார்.

அம்மா அந்தக் கையைத் தடுத்தா.

"நோர்வேயை மாத்த வேண்டாம்."

"அது பொய்தானே அன்ரி."

"கேளும் தம்பி. இஞ்ச பொடியங்கள் விடிய சைக்கிளில போறாங்கள். பின்னேரம் சைக்கிள் மட்டும்தான் சந்தியில நிக்குது. உமக்கு இவளைத் தந்தால் இவளை நான் பாப்பன். உம்மை ஆர் பாக்கிறது? கொம்பியூட்டரில மாத்த வேண்டாம். நீர் மாறும்."

ரவி சல்லியை விட்டுப் போக நினைத்ததே இல்லாத ஆள். அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். இரண்டு கிழமைக்குப் பிறகு, எங்கள் நிலையத்தில் படித்த பொடியன் ஒருவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவனுடைய சைக்கிள் மானுக்குப் பக்கத்தில் நின்றது, ஒருவரும் எடுக்க வரவில்லை. அதைப் பார்த்த பிறகு ரவி நோர்வேப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினார்.

7

கலியாணம் முடிந்த கையோடு அவர் படிப்பு விசாவில் போனார். படித்துக்கொண்டே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். கடல்காரன் வேண்டாம் என்று நினைத்த அம்மா, "மருமகன் நோர்வேயில கொம்பனியில," என்று கந்தோரில் சொன்னா. கொம்பனிதான், மறுக்க முடியாது.

என்னை நோர்வேக்கு எடுப்பிக்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கொழும்பில் விசா நேர்முகத்தில் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். 'புறோக்கர் பேசிச் செய்த கலியாணம்' என்றேன். ரவி தன் விண்ணப்பத்தில் 'ஒரே இடத்தில் வேலை செய்து பழகினோம்' என்று எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் கந்தோர்களுக்கு ஒரு உண்மைதான் பிடிக்கும். விளக்கம் கேட்டார்கள். மாப்பிள்ளை பொய், குறிப்பு உண்மை, புறோக்கர் பொய் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார், அம்மா உண்மை மாப்பிள்ளையை எடுத்தா என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை நானே வாசித்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. எப்படியோ ஒரு புண்ணியவான் அதை விளங்கிக்கொண்டார்.

வந்து சேர்ந்த புதிதில் ரவியின் மேலதிகாரி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வீட்டுக்கார அம்மா இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்க, படித்த மொழியைப் பாவிப்போம் என்று, "நான் ஃபுல்" என்று நோர்வேஜிய வசனம் ஒன்றைச் செய்து சொன்னேன். இங்கே அதற்கு அர்த்தம் நான் குடிவெறியில் இருக்கிறேன் என்பது. மேசையில் எல்லோரும் என் கிளாஸைப் பார்த்தார்கள். 'குடி இல்லை' என்று பதிவில் போட்டது அவருக்கு, குடித்திருக்கிறேன் என்று சபையில் சொன்னது நான்.

கனகசபை மாமாவின் இணையத்தளம் ஒருநாளும் வெளியே ஏறவில்லை. சண்டை தொடங்கி நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். அது செய்து வைத்த கலியாணம் எங்களுடையது ஒன்றுதான்.

8

கதை முடிந்தபோது தேத்தண்ணி ஆறிவிட்டது. நிலா நூலகத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, நான் சொன்ன கேள்விகளையெல்லாம் போட்டு அதே படிவத்தைச் செய்துவிட்டாள். எங்களுக்கு ஒரு மழைகாலம், அவளுக்கு ஒரு தேத்தண்ணி.

"இப்ப அப்பாவைப் போடுவம். உண்மையா. பேர் ரவி. வேலை, பொறியியலாளர். நாடு, நோர்வே." அவள் தட்டத் தட்ட எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் விளையாட்டுக்குப் போட்டவை ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டு வந்தன.

"உயரம்?"

"ஐந்தடி பத்து," என்றார் ரவி.

"அப்பா!"

"சரி. ஐந்தடி ஐந்து."

"குடி?"

"கிறிஸ்மஸ் பார்ட்டிக்கு மட்டும்."

"சைவம்?"

மூன்று பேரும் சிரித்தோம். சல்லிக்காரரிடம் கேட்கிற கேள்வியா? பிறகு கடைசிக் கேள்வி வந்தது.

"ஊருக்குத் திரும்பிப் போவீங்களா? ஓம்? இல்லை?"

ரவி பூக்கொத்தை எடுத்து ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். "அதை விட்டுட்டுப் போ பிள்ளை."

"ஏலாது. நீங்கள்தானே கட்டாயம் எண்டு வச்சனீங்கள்? தொடாட்டி உள்ள போகாது."

"தா இஞ்ச," என்று லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வரியைத் தேடிப் பிடித்துக் கட்டாயத்தை அழிக்க விரலை வைத்தார்.

"அப்பா, நீ மாத்த வேண்டாமுங்கோ," என்றாள் நிலா. "அம்மம்மா கொம்பியூட்டரில மாத்த வேண்டாமெண்டு சொன்னவ எல்லோ?"

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ரவியின் விரல் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் நானும் அந்தக் கேள்வியை அவரிடம் நேரே கேட்டதில்லை. அவர் என்ன சொன்னாலும் எனக்குத் தாங்காது என்று பயம். ஓம் என்றால் நிலாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லை என்றால் அம்மாவை.

ரவி லப்டொப்பைத் தள்ளிவிட்டு என் போனை எடுத்தார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தானே அம்மாவுக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். நான் எடுத்துக் கையில் கொடுக்காமல் அவர் தானாக எடுத்தது இதுதான் முதல் தடவை.

"மாமி, ரவி கதைக்கிறன். வீட்டை விக்க வேண்டாம்."

"அப்ப வாறியளோ?"

ரவி திரையைப் பார்த்தார். ஓம், இல்லை, இரண்டு கட்டமும் வெறுமையாக நின்றன.

"வீட்டை வச்சிருங்கோ, மாமி."

"நான் கேட்டது அதில்லைத் தம்பி," என்றா அம்மா.